முதலிடத்துக்கு மட்டும் சொந்த மைதானம் இல்லை: கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃபை எங்கே நடத்தலாம்?

2026 ஜனவரி 19, திங்கட்கிழமை இரவு. ஃபுளோரிடாவின் மயாமி கார்டன்ஸில் அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் (நம் ஊர்க் கால்பந்து அல்ல) தேசிய இறுதிப்போட்டி. ஒரு பக்கம் இண்டியானா பல்கலைக்கழக அணி: தரவரிசையில் முதலிடம், அதுவரை ஆடிய 15 ஆட்டத்திலும் வெற்றி. எதிரே மயாமி பல்கலைக்கழகம்: சாம்பியனைத் தீர்மானிக்கும் வெளியேற்றுச் சுற்றுகளான பிளேஆஃபுக்கு வந்த 12 அணிகளில் பத்தாவது இடம். ஆட்டம் நடந்தது ஹார்ட் ராக் ஸ்டேடியத்தில். மயாமி அணி வருஷா வருஷம் தன் உள்ளூர் ஆட்டங்களை ஆடுவதும் அங்கேதான்.

இண்டியானா அங்கே வந்து சேர்ந்த வழியைப் பாருங்கள். கால் இறுதி கலிஃபோர்னியாவின் பசடேனாவில், அரையிறுதி ஜார்ஜியாவின் அட்லாண்டாவில், அப்புறம் மயாமி. நாட்டிலேயே முதல் அணி என்று தரவரிசைக் குழு கூடி அறிவித்த அணிக்குச் சொந்த ஊரான ப்ளூமிங்டனில் ஓர் ஆட்டம்கூடக் கிடைக்கவில்லை. பத்தாவது அணிக்கோ இறுதிப்போட்டியே வீட்டு வாசலுக்கு வந்தது. யாரும் சதி செய்யவில்லை. சில வருஷங்களுக்கு முன்பே ‘2026-இல் மயாமி’ என்று எழுதி வைத்தாயிற்று, அவ்வளவுதான். இண்டியானா 27–21 என்று வென்றது. முடிவு மறுபக்கம் போயிருந்தால் அடுத்த நாள் என்ன பேச்சு எழுந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். (வென்ற அணியின் குவார்ட்டர்பேக் ஃபெர்னாண்டோ மென்டோஸா மயாமியில் வளர்ந்த பையன் என்பது தனிக் கதை.)

நான் குடியிருப்பது ஒஹாயோவின் கொலம்பஸில். ஆகவே இந்த விஷயத்தில் நான் நடுநிலையானவன் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்து ஆட்களின் நெடுநாள் குறை இது: பெரிய ஆட்டம் என்றால் எப்போதும் நாங்கள்தான் தெற்கே போக வேண்டும், தெற்கத்தியர்கள் வடக்கே வருவதே இல்லை. குறையில் எவ்வளவு நியாயம், எவ்வளவு புலம்பல் என்று பிரித்துப் பார்க்க வேண்டும் என்றுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எதிரே நான்கு வழிகள் இருக்கின்றன. இப்போது இருப்பதை அப்படியே விடலாம். கால் இறுதியையும் மேல்வரிசை அணியின், அதாவது மோதும் இரண்டில் தரவரிசையில் முன்னே இருக்கும் அணியின் ஊருக்குக் கொண்டுபோகலாம். இறுதிப்போட்டி தவிர எல்லாவற்றையும் அப்படியே செய்யலாம். இல்லையென்றால் எல்லாவற்றையும் பொது மைதானத்தில் வைத்து, அந்தப் பொது மைதானங்களை நாடு முழுக்கச் சுழற்றலாம்.

பவுல் ஆட்டங்கள் ஏன் தெற்கிலேயே?

1902-இல் பசடேனாவின் பூத்திருவிழாவுக்குக் கூட்டம் சேர்க்க ஒரு ஆட்டம் வைத்தார்கள். மிச்சிகனிலிருந்து அணியை வரவழைத்து ஸ்டான்ஃபோர்டோடு மோதவிட்டார்கள். மிச்சிகன் 49, ஸ்டான்ஃபோர்டு 0. நேரம் முடியுமுன்பே ஸ்டான்ஃபோர்டு போதும் என்று நிறுத்திக்கொண்டது. 1916 முதல் அது வருடாந்தர வழக்கமானது. இன்றைய ரோஸ் பவுல் அதுதான். பருவ முடிவில் அணிகளை அழைத்து நடத்தும் இப்படிப்பட்ட ஆட்டத்துக்குத்தான் பவுல் என்று பெயர். 1935 ஜனவரி முதல் தேதி நியூ ஆர்லியன்ஸில் சுகர் பவுலும், மயாமியில் ஆரஞ்ச் பவுலும் தொடங்கின. பொருளாதாரம் படுத்துக் கிடந்த காலம் அது. குளிரில் நடுங்கும் வடக்கத்தியர்களை வெயிலுக்கு இழுத்து வந்து ஓட்டல்களை நிரப்புவதுதான் நோக்கம். பருவம் முழுக்க நன்றாக ஆடிய அணிக்குப் பரிசாக ஓர் உல்லாசப் பயணம். அங்கே ஒரு கண்காட்சி ஆட்டம். அந்த ஏற்பாட்டில் யார் ஊருக்குப் பக்கம், யாருக்குத் தூரம் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லை. கல்யாணத்துக்குப் போகிறவர் மண்டபம் ஏன் என் தெருவில் இல்லை என்று கேட்பாரா?

சிக்கல் எங்கே வந்தது என்றால், அதே சுற்றுலா ஆட்டங்களைச் சாம்பியனைத் தீர்மானிக்கும் படிகளாக மாற்றியபோது. இன்று பிளேஆஃபின் கால் இறுதி, அரையிறுதி எல்லாம் ஆறு பவுல்களுக்குள்தான்: பசடேனா, நியூ ஆர்லியன்ஸ், மயாமி, டெக்சாஸின் ஆர்லிங்டன், அரிசோனாவின் க்ளெண்டேல், அட்லாண்டா. வரைபடத்தில் புள்ளி வைத்துப் பாருங்கள், ஆறும் தெற்கு ஓரத்தில் ஒரு பட்டையாக விழும். இறுதிப்போட்டியும் அதே கதைதான். 2015 முதல் 2026 வரை நடந்த 12 இறுதிகளில் வடக்கே நடந்தது ஒன்றே ஒன்று, 2022-இல் இண்டியானாபோலிஸில். அதிலும் மோதியவை ஜார்ஜியாவும் அலபாமாவும்! ஒரே ஒரு தடவை வடக்குக்கு வந்த ஆட்டத்துக்குத் தெற்கிலிருந்து இரண்டு அணிகள்.

இப்போது இருக்கும் முறை

2024 பருவத்தில் பிளேஆஃப் நான்கு அணிகளிலிருந்து பன்னிரண்டாக விரிந்தது. முதல் நான்கு இடங்களுக்கு முதல் சுற்றில் ஓய்வு. ஐந்து முதல் எட்டு வரை உள்ள அணிகள் முதல் சுற்றைச் சொந்த ஊரில் ஆடும். அப்புறம் பவுல்கள், கடைசியில் முன்பே குறித்த ஊரில் இறுதி.

இதில் ஓர் ஓட்டை. ஐந்தாம் இடத்துக்குச் சொந்த மைதானம் உண்டு, முதலிடத்துக்குக் கிடையாது. ஒரு வாரம் ஓய்வு கிடைக்கிறதே என்பார்கள். முதல் வருஷம் ஓய்வெடுத்த நான்கு அணிகளும் கால் இறுதியிலேயே வெளியேறின. இரண்டாம் வருஷம் நான்கில் மூன்று. இடத்தால் மட்டும் அப்படி ஆனது என்று சொல்ல மாட்டேன். வாரக்கணக்கில் ஆடாமல் இருந்ததும் சேர்ந்திருக்கலாம். ஆனாலும் மேல்வரிசைக்கு என்று கொடுத்த சலுகை சலுகையாக வேலை செய்யவில்லை என்பது தெரிகிறது.

அந்த முதல் வருஷத்தில் அரிசோனா ஸ்டேட் அணிக்கு நடந்ததை யாராவது கதையாக எழுதினால் நம்ப மாட்டார்கள். அதன் ஊர் டெம்பி. ஃபியஸ்டா பவுல் நடக்கும் க்ளெண்டேல் அங்கிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர். ஒரே பெருநகரத்தின் இரண்டு முனைகள். அணிக்கு நான்காம் இடம், ஓய்வும் உண்டு. ஆனால் பவுல் ஒதுக்கீடு மேலிருந்து கீழாக வரும். மூன்றாம் இடத்தில் ஐடஹோவிலிருந்து வந்த பாய்ஸி ஸ்டேட். அதற்கு ஃபியஸ்டா போய்விட்டது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த பாய்ஸியும், நாட்டின் இன்னொரு மூலையிலிருந்து வந்த பென் ஸ்டேட்டும் அரிசோனாவில் ஆட, அரிசோனா அணி சுமார் 2,500 கிலோமீட்டர் தள்ளி அட்லாண்டாவுக்குப் போனது. எதிரே டெக்சாஸ், அதற்கும் வெளியூர்தான், ஆனால் பாதித் தூரம். ஆட்டம் இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்தது. முதல் கூடுதல் நேரத்தில் நான்காவது, அதாவது கடைசி முயற்சியில் 13 கெஜம் தேவை, விட்டால் தோல்வி என்ற நிலையில் டெக்சாஸின் க்வின் யூவர்ஸ் வீசிய பந்து டச்டவுனாக விழுந்தது. டெக்சாஸ் 39, அரிசோனா ஸ்டேட் 31. விதிப்படி எல்லாம் சரியாகத்தான் நடந்தது. விதி அப்படி!

ரசிகர் பை பற்றியும் ஒரு வார்த்தை. அதே வருஷம் பென் ஸ்டேட் ரசிகர் ஒருவர் அணியோடு போக நினைத்திருந்தால் டிசம்பர் 31 அரிசோனா, ஜனவரி 9 மயாமி. வென்றிருந்தால் 20-ஆம் தேதி அட்லாண்டா. மூன்று வாரத்தில் மூன்று விமானப் பயணம், அதுவும் எங்கே போகிறோம் என்று பத்து நாள் முன்னால்தான் தெரியும். பவுல் என்பது வருஷத்துக்கு ஒரு சுற்றுலா என்று இருந்த காலத்துக்குப் போட்ட கணக்கு இது. தொடர்கதைக்குப் பொருந்தவில்லை.

கால் இறுதியும் சொந்த ஊரில்

2024 டிசம்பர் 21, சனிக்கிழமை. பிளேஆஃபின் முதல் சுற்றில் எங்கள் ஒஹாயோ ஸ்டேட்டோடு ஆட டென்னஸி அணி கொலம்பஸுக்கு வந்த நாள். என்னிடம் டிக்கெட் இல்லை. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று மைதானத்துப் பக்கம் போனேன். தண்ணீர் உறையும் குளிர். மூச்சு விட்டால் புகை. ஹை ஸ்ட்ரீட்டில் எங்கள் சிவப்புக்கு நடுவே எங்கே பார்த்தாலும் டென்னஸியின் ஆரஞ்சு நிறம், பார்க்கிங்கில் டென்னஸி நம்பர் பிளேட்டுகள். நாக்ஸ்வில்லிலிருந்து காரில் ஆறு மணி நேரம். ராத்திரி கிளம்பினால் விடியும்போது வந்துவிடலாம். ஆட்டத்துக்கு முன்னால் டென்னஸி வீரர்கள் சிலர் அந்தக் குளிரில் சட்டையைக் கழற்றிவிட்டுப் பயிற்சி செய்தார்கள். எங்களுக்கெல்லாம் இது ஒன்றும் இல்லை என்று காட்டத்தான். முதல் கால் பகுதி முடியும்போது ஒஹாயோ ஸ்டேட் 21, டென்னஸி 0. கடைசியில் 42–17.

அன்றைக்கு எனக்குப் புரிந்தது ஒன்று உண்டு. இந்த விளையாட்டின் உயிர் அந்தந்த ஊரில்தான் இருக்கிறது. ஒஹாயோ ஸ்டேடியம் லட்சம் பேருக்கு மேல் கொள்ளும். பென் ஸ்டேட்டின் பீவர் ஸ்டேடியமும் டெக்சாஸ் ஏ அண்ட் எம்மின் கைல் ஃபீல்டும் அப்படியே. பவுல் மைதானங்களில் எதிலும் வழக்கமாக அவ்வளவு இருக்கைகள் இல்லை.

சரி, சொந்த ஊர் என்றால் வெற்றி நிச்சயம் என்று ஆகிவிடாதா? முதல் வருஷம் அப்படித்தான் தோன்றியது: சொந்த ஊரில் ஆடிய நான்கு அணிகளும் வென்றன, எதிலும் வித்தியாசம் பத்துப் புள்ளிக்குக் குறையவில்லை. அடுத்த வருஷம் கணக்கு மாறியது. மயாமி கைல் ஃபீல்டுக்குப் போய் ஏ அண்ட் எம்மை 10–3 என்று சாய்த்தது. ஓக்லஹோமாவும் அலபாமாவும் ஆடிய ஆட்டம் இன்னும் வேடிக்கை. நவம்பரில் ஓக்லஹோமா அலபாமாவின் ஊருக்குப் போய் 23–21 என்று வென்றது. டிசம்பரில் பிளேஆஃபுக்காக அலபாமா ஓக்லஹோமாவின் ஊருக்கு வந்தது. 17–0 என்று பின்தங்கி, மீண்டு, 34–24 என்று வென்றது. இரண்டு தடவையும் விருந்தாளி ஜெயித்தார். இரண்டு வருஷமும் சேர்த்துச் சொந்த ஊர் அணிகளுக்கு ஆறு வெற்றி, இரண்டு தோல்வி. அனுகூலம் இருக்கிறது, ஆனால் அது தீர்ப்பு இல்லை. உழைத்து மேல்வரிசை பிடித்தவருக்கு அந்த அளவு அனுகூலம் இருக்கட்டுமே.

இந்த வழிக்கு எதிராகச் சொல்லப்படுவதில் இரண்டு எனக்குப் பெரிதாகப் படவில்லை. சின்ன ஊரில் தங்க இடம் போதாது என்கிறார்கள். அதே ஊர்கள் செப்டம்பர் முதல் நவம்பர் வரை பல சனிக்கிழமைகளில் பெருங்கூட்டத்தைச் சமாளிக்கின்றன. குளிரில் மைதானத்துக் குழாய்கள் உறைந்துவிடும் என்கிறார்கள். முதல் சுற்றுக்குச் செய்த ஏற்பாட்டை இன்னும் பத்து நாள் நீட்டினால் போதும்.

யோசிக்க வைப்பவை வேறு இரண்டு. ஒன்று, தரவரிசை என்பது டெக்சாஸின் க்ரேப்வைனில் ஓர் ஓட்டலில் கூடும் 13 பேரின் கருத்து. 2023-இல் 13 ஆட்டமும் வென்ற ஃபுளோரிடா ஸ்டேட்டை நான்கு அணிப் பட்டியலுக்கு வெளியே நிறுத்தியதும் இதே குழுதான். நான்காம் இடத்துக்கும் ஐந்தாம் இடத்துக்கும் நடுவே நூலளவு இடைவெளி. அந்த நூலை நம்பி ஒரு கால் இறுதியையே ஒருவர் ஊருக்குக் கொடுக்கிறோம். இரண்டாவது, வந்து ஆடும் அணிக்கு ஒதுக்கும் டிக்கெட் 3,500 மட்டும். பவுலில் காலரி பாதிப் பாதியாகப் பிரியும். இங்கே ஒரு மூலை. இந்த எண்ணிக்கையை உயர்த்தாமல் கால் இறுதியை ஊருக்குக் கொண்டுவந்தால் அது நியாயம் ஆகாது என்பேன்.

அரையிறுதிவரை சொந்த ஊர்

இதைப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கல்லூரி ஃபுட்பாலின் அடுத்த தட்டான எஃப்சிஎஸ் பிரிவில் அரையிறுதி வரை மேல்வரிசை அணியின் மைதானத்தில்தான் ஆட்டம், இறுதி மட்டும் பொது இடத்தில். என்ன ஆகிறது என்று பார்க்க நார்த் டகோட்டா ஸ்டேட் போதும். அதன் ஃபார்கோடோம் கூரை போட்ட, இருபதாயிரத்துக்கும் குறைவானவர்கள் உட்காரும் கூடம். சத்தம் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே சுற்றும். 2011 முதல் 2024 வரையான பருவங்களில் அந்த அணி பத்துப் பட்டம் வென்றது. நன்றாக ஆடுவதால் மேல்வரிசை, மேல்வரிசையால் சொந்த மைதானம், சொந்த மைதானத்தால் மறுபடி இறுதி என்று சக்கரம் சுழன்றது. அணியின் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சக்கரத்துக்குள் வெளியாள் நுழைவது கடினம்.

இன்னொரு விஷயமும் அங்கே உண்டு. நடத்த விரும்பும் கல்லூரி வருமானத்தில் குறைந்தபட்சம் இவ்வளவு தருகிறேன் என்று உத்தரவாதம் கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். வரிசை எண் இல்லாத இரண்டு அணிகள் மோதும் ஆட்டங்களில் பல வருஷம் யார் அதிகம் தருவதாகச் சொன்னார்களோ அவர்களிடமே ஆட்டம் போனது. மேல்தட்டில் பணம் ஏற்கெனவே போதுமான அளவு பேசுகிறது. இதையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டாம்.

அரையிறுதிவரை சொந்த ஊர் என்பதில் எனக்கு ஆர்வம் குறைவு. நான்கு அணிகள் மிஞ்சும்போது வித்தியாசம் மிகவும் மெலிந்துவிடும்.

எல்லாம் பொது மைதானம்

காகிதத்தில் பார்த்தால் இதுதான் அப்பழுக்கில்லாத நியாயம். நடைமுறையில் ‘பொது’ என்பது பெரும்பாலும் பெயரளவில்தான். நியூ ஆர்லியன்ஸின் சூப்பர்டோமை எடுத்துக்கொள்ளுங்கள். அதே லூயிசியானா மாநிலத்தின் எல்எஸ்யு அணியின் ஊரான பேட்டன் ரூஜ் அங்கிருந்து 130 கிலோமீட்டர். 2004, 2008, 2012, 2020 என்று நான்கு தேசிய இறுதிகளை அந்த அணி அங்கேயே ஆடி மூன்றை வென்றது. 2006-இல் லாஸ் ஏஞ்சலஸின் யுஎஸ்சி அணி தன் நகரத்துக்குப் பக்கத்திலேயே பசடேனாவில் டெக்சாஸிடம் 41–38 என்று தோற்றது. 2018-இல் ஜார்ஜியா தன் மாநிலத் தலைநகரில் அலபாமாவிடம் தோற்றது. முடிவு எப்படியும் போகலாம். ஆனால் ஒரு பக்கம் காரில் வந்து இறங்க, மறுபக்கம் கடன் வாங்கி விமானம் ஏறுகிற ஆட்டத்தைப் பொது என்று சொல்ல நாக்கு கூசுகிறது.

2022 டிசம்பர் 31 எங்கள் ஊரில் யாரும் மறக்காத இரவு. அட்லாண்டாவில் அரையிறுதி: ஜார்ஜியாவுக்கு முதலிடம், ஒஹாயோ ஸ்டேட்டுக்கு நான்காம் இடம். ஜார்ஜியாவின் ஊர் ஏதென்ஸிலிருந்து அட்லாண்டா ஒன்றரை மணி நேரத்துக்குள். நாங்கள் நண்பர் வீட்டில் புத்தாண்டுக்காகக் கேக்கை மேஜையில் வைத்துக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தோம். ஜார்ஜியா 42–41 என்று முன்னே, சில நொடிகள் பாக்கி, ஒஹாயோ ஸ்டேட்டுக்கு 50 கெஜ உதை, கம்பங்களுக்கு நடுவே போனால் வெற்றி. சரியாகப் பன்னிரண்டு மணிக்குப் பந்து எழும்பி இடது பக்கம் வெகுதூரம் விலகிப் போனது. பக்கத்து வீடுகளில் பட்டாசு வெடித்தது. கேக்கை யாரும் தொடவில்லை. அன்று ஆத்திரத்தில் நான் திட்டியது அட்லாண்டாவை. நிதானமாக யோசித்தால் அது பிசகு. முதலிடத்தில் இருக்கும் அணி எதிராளியின் கூட்டத்துக்கு நடுவே ஆடக்கூடாது என்பது அந்தக் காலத்து ஒதுக்கீட்டு விதியிலேயே இருந்தது. ஜார்ஜியா அந்தப் பக்கத்து ஊரைச் சம்பாதித்துத்தான் வாங்கியது. 2026-இல் மயாமிக்கு வந்ததுபோல் லாட்டரியில் விழவில்லை.

சுழற்சி வேண்டும் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகம் இல்லை. குளிர் என்று இனி யாரும் சாக்குச் சொல்ல முடியாது. இண்டியானாபோலிஸ், டெட்ராய்ட், மினியாபொலிஸ் மூன்றிலும் கூரை போட்ட மைதானம் இருக்கிறது. இடத்தை மாற்றுவது முடியாத காரியமும் இல்லை. பெர்ல் ஹார்பர் தாக்குதலுக்குப் பிறகு, 1942 ரோஸ் பவுலை மூன்று வாரத்துக்குள் நார்த் கரோலைனாவின் டர்ஹமுக்கு மாற்றினார்கள். அது டியூக் அணியின் சொந்த மைதானம். டியூக்தான் ஒரேகான் ஸ்டேட்டிடம் 20–16 என்று தோற்றது. 2021 ஜனவரியில் தொற்றுக்காலக் கட்டுப்பாடுகளால் ரோஸ் பவுல் டெக்சாஸுக்குப் போனது. வானம் இடிந்து விழவில்லை.

ஆனால் எல்லா ஆட்டத்தையும் பொது இடத்தில் வைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. 2019-இல் அலபாமாவும் கிளெம்சனும் கலிஃபோர்னியாவின் சாண்டா கிளாராவில் ஆடின. இரண்டு ஊருக்கும் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல். தூரத்தில் கச்சிதமான சமத்துவம். மறுவிற்பனையில் டிக்கெட் விலை சரிந்தது. இரண்டு பேருக்கும் சமமாகக் கஷ்டம் கொடுப்பதும் ஒரு வகை நியாயம்தான். அது யாருக்கு வேண்டும்?

நான் எதை எடுப்பேன்

கால் இறுதி நான்கும் மேல்வரிசை அணியின் ஊரில், வரும் அணிக்குக் குறைந்தது பத்தாயிரம் டிக்கெட்டோடு. அரையிறுதி இரண்டும் பவுல்களில். எந்த ஊர் என்று முதலிடத்தில் இருக்கும் அணியையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொல்லலாம், வடக்கத்திய கூரை மைதானம் ஒன்றிரண்டையும் அந்தப் பட்டியலில் சேர்த்து. இறுதி மட்டும் இப்போதுபோல முன்கூட்டியே குறித்த ஊரில், நான்கு வருஷத்துக்கு ஒரு தடவையாவது வடக்கே. அந்த ஓர் ஆட்டத்தில் அதிர்ஷ்டம் யாருக்காவது அடித்தால் அடிக்கட்டும். தொழில்முறை ஃபுட்பால் லீக்கான என்எஃப்எல்லும் அப்படித்தான் வாழ்கிறது: 2021-இல் டாம்பாவும் 2022-இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸும் சொந்த மைதானத்திலேயே அதன் இறுதியான சூப்பர் பவுலை வென்றார்கள். அதுவரை வந்த வழியில் சொந்த மைதானம் தரவரிசைப்படி கிடைத்ததால் பெரிய முணுமுணுப்பு இல்லை.

இதில் நஷ்டப்படுவது பவுல் ஊர்கள். வருஷத்துக்கு நான்கு கால் இறுதிகள் கைவிட்டுப் போகும். மயாமியின் ஓட்டல்காரரும் நியூ ஆர்லியன்ஸின் உணவகக்காரரும் சும்மா இருக்க மாட்டார்கள். முடிவு செய்ய வேண்டியவர்கள் கல்லூரி அணிகளின் கூட்டமைப்புகளான பத்து கான்ஃபரன்ஸ்களின் ஆணையர்களும் நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைத் தலைவரும். ஈஎஸ்பிஎன் தொலைக்காட்சியோடு செய்த ஒளிபரப்பு ஒப்பந்தம் 2031–32 பருவம் வரை போகிறது. ஒப்பந்தம் இருக்கிறவரை எதையும் தொட முடியாது என்று சொல்பவர்களுக்கு, ஒப்பந்தக் காலம் முடியுமுன்பே நான்கைப் பன்னிரண்டாக்கியது இதே ஆட்கள்தான் என்று ஞாபகப்படுத்தலாம்.

அடுத்த இறுதி 2027 ஜனவரியில் லாஸ் வேகஸில், அல்லீஜியன்ட் ஸ்டேடியத்தில். அந்த ஊர்ப் பல்கலைக்கழகமான யுஎன்எல்வியின் அணிக்கு அது சொந்த மைதானம்.